'கூலி' என்னும் சொல்

கூடலூருக்கு அடுத்த தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நமது நேயர் ஒருவர் எழுதியனுப்பிய கடிதம் நம் மேஜையின் மீது கிடக்கிறது. சென்ற வாரம் நீலகிரித் தோட்டத் தொழிலாளரின் சம்பளக் கோரிக்கையை ஆதரித்து நாம் ஒரு செய்தி வெளியிட்டிருந்தோம். அதற்குத் 'தேயிலைக் கூலிகளின் குறை' என்று தலைப்பிட்டிருந்தோம். கோரிக்கையை ஆதரித்ததற்காக அன்பர் நமக்கு வந்தனம் கூறுகிறார். கூறியபின் ஒரு கேள்வி கேட்கிறார்: "என் தாயார் முப்பது வருஷமாகக் கொழுந்து பறித்துக் கூலி வாங்குகிறார். அவர் கூலி வாங்குகிறவரேயன்றிக் கூலி அல்லர். தாங்கள் வக்கீல் தொழில் செய்து பீஸ் வாங்கியவர். தங்களை யாரேனும் 'பீஸ்' என்று அழைத்ததுண்டா?"

இக்கேள்விக்கு உடனே நம் நாவில் எழுந்த விடையை நேயர்களிடம் மறைக்க விரும்பவில்லை. "அவமதிக்க வேண்டுமென்னும் உத்தேசம் நமக்கு எள்ளளவும் இல்லையே!" என்பதே அது. உண்மைதான். தலைப்பெழுதிய உதவி ஆசிரியர் முதல் அதற்குப் பொறுப்பாளியாகிய நாம் வரை ஒருவர் மனத்திலும் இழிவெண்ணம் இருந்ததில்லை. தொழிலாளர் பக்கம் நின்று பேசவே அச்செய்தியை எழுதினோம். ஆயினும், கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, நமது விடை அவருடைய கேள்விக்கு விடையாகாது என்று கண்டோம். அவர் நமது உத்தேசத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தம் தாயாரைப் பற்றிக் கேட்டார். நினையாமல் சொல்லும் சொல்லும் புண்படுத்துமா, படுத்துமாயின் அப்பழி யாரைச் சேரும் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

கூலி என்பது பழமையான சொல், குற்றமற்ற சொல். உழைப்புக்குக் கிடைக்கும் பயன் என்பது அதன் பொருள். மனிதனுடைய முயற்சி வீண்போகாது என்று சொல்ல வந்த திருவள்ளுவரே இச்சொல்லை எடுத்தாண்டிருக்கிறார். ஆங்கிலேயர் வழங்கிய 'கூலி' நமது சொல்லிலிருந்து பிறந்ததென்பார் ஒரு சாரார். மேற்குக் கரையில் வாழும் கோலி என்னும் சமூகத்தாரின் பெயரிலிருந்து வந்ததென்பார் மற்றொரு சாரார். எதுவாயினும், பொருளின் பெயராயிருந்த சொல் கடல் கடந்ததும் ஆளின் பெயராயிற்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் நேட்டால் தேசத்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தத்தில் கட்டுண்டு சென்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஊர் இருந்தது, குலதெய்வம் இருந்தது, தாய் தந்தையர் இட்ட பெயரும் இருந்தது. கரையிலிருந்த வெள்ளையருக்கு அவர்கள் எல்லோரும் 'கூலி'கள். ஒப்பந்தம் முடிந்தும் அப்பெயர் முடியவில்லை; சொந்தச் செலவில் வியாபாரத்துக்குப் போனவர்களையும் அது பற்றிக்கொண்டது.

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளை அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்தார்கள். இந்தியர்களுக்கு அங்கே வழங்கிய மற்றொரு பெயர் 'சாமி'. ராமசாமி, முத்துசாமி என்று முடியும் தமிழ்ப் பெயர்களின் வாலை அறுத்தெடுத்து, அதையே ஓர் இனத்தின் தலையில் இகழ்ச்சிப் பெயராகக் கட்டினார்கள். சாமி என்றால் எஜமானன் என்று பொருள், நான் உங்களுக்கு எஜமானன் அல்லவே என்று இந்தியர் சிலர் வெள்ளையருக்குத் திருப்பிக் கொடுத்ததாகக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் கடவுளை அழைக்கும் சொல்லே, அழைப்பவன் வாய் மாறியதும் வசைச்சொல்லாகிவிட்டது. அகராதியில் ஒரு சொல் தூயதாயிருப்பதால் வீதியிலும் அது தூயதாயிருக்குமென்று எண்ணுவது தவறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலங்கைத் தோட்டங்களில் நடந்தது நமக்கு இன்னும் நெருங்கிய சரித்திரம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே ஆள் பிடித்து அனுப்பும்போது, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையை ஒவ்வொருவரிடமும் கொடுத்தனுப்பினார்கள். வழியில் தவறிப் போகாதிருப்பதற்கான ஏற்பாடு என்பார்கள். தபாலில் போகும் மூட்டைக்கும் அப்படித்தானே முகவரி ஒட்டுகிறோம்! புதிதாக வந்த சின்னத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று அச்சிட்ட பாடப் புத்தகம் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. 'வாருங்கள்' என்று ஒரு வார்த்தை தமிழில் உண்டென்பதைத் துரைமார் அறிய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை போலும். அத்துரைமார் கற்ற தமிழுக்கு இட்ட பெயர் 'கூலித் தமிழ்'. நமது காலத்து ஆராய்ச்சியாளர் மு. நித்தியானந்தன் 2014-இல் வெளியிட்ட தமது நூலுக்கு அப்பெயரையே தலைப்பாக வைத்து, அச்சரித்திரத்தை நம் முன் வைத்தார்.

அந்தத் துரைமாரில் ஒருவரை எழுப்பிக் கேட்டால், "இது சர்க்கார் ஏட்டில் உள்ள வார்த்தைதானே, நான் யாரையும் இகழவில்லையே" என்றே சொல்வார். பொய்யும் சொல்லமாட்டார். இகழ்ச்சியை அவர் தனியாக நினைக்க வேண்டிய தேவையே இல்லாதபடி, ஏடும் தகரமும் புத்தகமும் சேர்ந்து அவருக்காக அதை நினைத்து வைத்துவிட்டன. கோபத்தில் வைகிறவன் கோபம் தணிந்தபின் வெட்கப்படுவான். வழக்கத்தினால் வைகிறவனுக்கு வெட்கப்படவும் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. ஆகவே, உத்தேசமில்லாத அவமதிப்பு சிறிய அவமதிப்பு என்பதை நாம் ஒப்புவதற்கில்லை.

இதுவரை எழுதியது நமது நேயர்களுக்கு இனிப்பாகவே இருந்திருக்கும். அன்னியன் நம்மை இகழ்ந்த கதையைக் கேட்டு நெஞ்சம் கொதிப்பது எளிது. இனிச் சொல்லப் போவது அவ்வளவு இனியதன்று.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இலங்கைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30-ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு 1968 முதல் சர்க்கார் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. 1976 முதல் அவற்றைத் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் நடத்தி வருகிறது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரிப் பக்கங்களில் அவர்களுடைய பேரர்கள் இன்று வாழ்கிறார்கள். கடலுக்கு அப்பால் அவர்களைக் 'கள்ளத்தோணி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் அழைத்தார்கள். பின்னதைச் சொன்ன வாய்களில் தமிழ் வாய்களும் உண்டு. பாட்டன் பூட்டன் பிறந்த நாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். இங்கே அவர்களுக்கு நாம் வைத்த பெயர் என்ன? 'சிலோன்காரன்', அல்லது 'அகதி'.

இந்தியப் பிரஜைகளாக, முறையான பத்திரங்களுடன் கப்பலேறி வந்தவர் எவ்வாறு அகதியாவார்? சட்டம் படித்த நமக்கு இது விளங்கவில்லை. ஆனால், கடைத்தெருவில் இச்சொல்லை வழங்குகிறவர் யாரும் பகையால் வழங்குவதில்லை. வழி கேட்டவருக்கு "அந்தச் சிலோன்காரன் லயத்துக்குப் பக்கத்தில்" என்று வழி சொல்லுகிறார், அவ்வளவே. இந்த மண்ணில் பிறந்து, இங்கே பள்ளியில் படித்து, இங்கே வாக்களிக்கும் இளைஞனுக்கு அது எப்படிக் கேட்கும்? அங்கே 'நீ இந்தியாக்காரன், போ' என்றார்கள். இங்கே 'நீ சிலோன்காரன்' என்கிறார்கள். இரண்டு தேசத்திலும் ஒரே மனிதன் அயலான்! அக்கரையில் தங்கிவிட்டவர்கள் தங்களுக்கு 'மலையகத் தமிழர்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, தம் முன்னோர் சென்ற 200-ஆவது ஆண்டை 2023-இல் நினைவுகூர்ந்தார்கள். முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் சென்றார்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதும் சுயராஜ்யத்தின் ஓர் அங்கமேயாகும்.

இப்படிச் சொல்லும்போது, நீலகிரிக்கே உரிய ஒரு பழைய செய்தி நம் நினைவுக்கு வருகிறது. நமது தேசீயவாதிகளில் பலர் இதை அறியார். அறிந்தவர்களும் அடிக்கடி எடுத்துப் பேசுவதில்லை. 1891 டிசம்பர் முதல் தேதியன்று, இளமையை நீலகிரியில் கழித்த அயோத்திதாச பண்டிதரின் முயற்சியால், திராவிட மகாஜன சபையின் மகாநாடு உதகையில் கூடியது. அங்கே 10 தீர்மானங்கள் நிறைவேறின. கல்வி வேண்டும், உத்தியோகம் வேண்டும், பொதுக் கிணறும் குளமும் வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகள் அவற்றில் உண்டு. அவற்றுக்கெல்லாம் முன்பாக வைத்த முதல் தீர்மானமோ ஒரு சொல்லைப் பற்றியது. 'பறையர்' என்று இழிவாக அழைப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் செய்ய வேண்டும் என்பது அது. வயிற்றுக்கு இல்லாதவர்கள் வார்த்தையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று அன்று சிலர் நகைத்திருக்கலாம். இழிந்த பெயரால் அழைக்கப்படுகிறவனைப் பள்ளியிலும் சேர்க்கமாட்டார்கள், கிணற்றிலும் விடமாட்டார்கள் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் அத்தீர்மானத்தை முதலில் வைத்ததில் வியப்பொன்றுமில்லை.

அக்காலத்திலேயே இதற்கு மற்றொரு வழி கண்டவரும் உண்டு. நீலகிரியில் கணக்கராக உத்தியோகம் பார்த்த இரட்டைமலை சீனிவாசனார், பண்டிதருக்கு நெருங்கிய உறவினர். அவர் 1893-இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எப்பெயரால் நம்மைத் தாழ்த்துகிறார்களோ அப்பெயரோடே நிமிர்ந்து நிற்போம் என்பது அவருடைய கொள்கை. அப்பெயரே பிறர் சுமத்தியது, அதைக் களைய வேண்டும் என்பது பண்டிதருடைய கொள்கை. பின்னர், எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் எடுத்த முயற்சியால், 1922-இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் சர்க்கார் ஏடுகளில் ஏறியது. பண்டிதர் கொள்கை சரியா, சீனிவாசனார் கொள்கை சரியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. அத்தீர்ப்பு அப்பெயரைச் சுமந்தவர்களுக்கே உரியது. இருவர் வழியும் வேறாயினும், தங்களை எப்படி அழைப்பதென்று தீர்மானிக்கும் உரிமை தங்களுடையதே என்பதில் இருவரும் ஒன்றுபட்டிருந்தார்கள். நாம் கற்க வேண்டியது அதுவே.

அதே சொல் ஆங்கிலத்தில் புகுந்து பல நூற்றாண்டுகளாகின்றன. உலகத்தார் ஒதுக்கி வைத்த ஒரு ராஜ்யத்தைப் 'பறையா' ராஜ்யம் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. லண்டனிலும் நியூயார்க்கிலும் அதை எழுதுகிறவர்களில் பலர், அது தமிழ்நாட்டில் உயிருடன் வாழும் ஒரு ஜனசமூகத்தின் பெயரென்பதை அறியாதவர்கள். ஆங்கிலம் கற்ற நமது வக்கீல்களும் பத்திராதிபர்களும் அறிந்தே எழுதுகிறார்கள்! நாமும் கோர்ட்டில் வாதிக்கும்போது அச்சொல்லைப் பலமுறை வழங்கியிருக்கிறோம். எதிரே நின்ற கட்சிக்காரர் ஒருவரின் முகம் வாடியதை அன்று கவனியாதது நமது குற்றமே.

சொல்லுக்குச் சொன்னது பொருள்களுக்கும் பொருந்தும். நீலகிரியில் ஒரு பெண் குளிரிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்து, சமவெளிக் கிராமத்தின் தேநீர்க் கடைக்கு வந்து சேருகிறது. அங்கே பல ஊர்களில் ஒரு சாராருக்கு ஒரு குவளை, மற்றொரு சாராருக்கு வேறொரு குவளை என்னும் வழக்கம் நிலவிற்று. 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சாதிப் பெயர் சொல்லி வைவதைக் கண்டித்ததோடு, இந்த இரட்டைக் குவளையையும் சேர்த்தே கண்டித்தது. குவளை என்ன பாவம் செய்தது? பித்தளையும் கண்ணாடியும் யாரையும் இகழ்வதில்லை. ஆயினும், தனியே கவிழ்த்து வைத்த குவளை, கடைக்காரன் வாய் திறவாமலே பேசிவிடுகிறது. கடைகளைக் கண்டிக்கும் நாம், நமது வீட்டுப் பின்கட்டில் வேலைக்காரிக்கென்று தனியாக ஒரு குவளை இருக்கிறதா என்று சற்று எழுந்து சென்று பார்ப்பது நலம். "அது எங்கள் அம்மா காலத்து வழக்கம்; மனத்தில் ஒன்றுமில்லை" என்றே விடை வரும். இலங்கைத் துரையின் விடையும் அதுதானே?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1891-இல் உதகையில் கேட்டதை விரிவாகச் செய்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல்தான் வந்தது. அது அவமானப்படுத்தும் உத்தேசத்தோடு செய்வதையே தண்டிக்கிறது. தண்டனைக்கு உத்தேசம் வேண்டுமென்பது நியாயமே. அறியாமல் சொன்னவனைச் சிறைக்கு அனுப்ப நாமும் விரும்போம். ஆயினும், ஒரு சொல் இகழ்ச்சியா அன்றா என்று அறிய, அதன் ஆதிப் பொருளைத் தோண்டுவதில் பயனில்லை, இன்று அது எப்படி வழங்குகிறதென்றே பார்க்க வேண்டும் என்று நமது உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியிருக்கிறது. கூலி என்னும் சொல் நமது ஜனங்களை எந்தத் தேசத்தில் சுட்டதோ, அந்தத் தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2018-இல் இன்னும் ஒரு படி சென்றது. சுரங்கக் கம்பெனி ஊழியர் ஒருவர், வண்டி நிறுத்தும் இடம் பற்றிய தகராற்றில், சக ஊழியரைக் 'கறுப்பு மனிதன்' என்று குறிப்பிட்டார் என்பது வழக்கு. அது வெறும் நிறப்பெயரேயன்றி வேறில்லை என்று அவர் தரப்பில் வாதம் நடந்தது. நிறத்தால் மனிதரைப் பிரித்து ஆண்ட சரித்திரமுள்ள நாட்டில் அச்சொல் குற்றமற்றதென்று தொடங்க இயலாது, சூழ்நிலையை அறிந்த நடுநிலையாளர் ஒருவருக்கு அது எப்படிப் படும் என்பதே அளவுகோல் என்று கூறி, அவருடைய வேலைநீக்கத்தை நீதிபதிகள் உறுதி செய்தார்கள்.

"இப்படியே போனால் வாயையே திறக்க முடியாதே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் வருந்தினால் அகராதியில் மிஞ்சுவது என்ன?" என்று கேட்பாருக்கும் விடை கூற வேண்டும். சொற்களை எரிக்க நாம் சொல்லவில்லை. கூலி உயர்வு என்று நாளையும் எழுதுவோம். அது உழைப்பாளியின் உரிமையைக் குறிக்கும் சொல். 2025-இல் 'கூலி' என்னும் பெயரில் வந்த படத்தை ஜனங்கள் கைதட்டிப் பார்த்தார்கள். கதாநாயகன் தானே தாங்கி வரும் பெயர் அவனுக்கு அணியாகலாம். ஒருவன் தன் தோளில் தானே போட்டுக்கொள்ளும் துண்டும், பிறன் அவன் கழுத்தில் போட்டு இழுக்கும் துண்டும் ஒன்றாகா. அறியாமல் ஒருமுறை சொன்னவனை ஊர் கூட்டி அவமானப்படுத்துவதும் முறையன்று. அவனிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். எடுத்துச் சொன்ன பின்னும் அவன் அதையே சொல்வானாயின், அப்பொழுது அறியாமை தீர்ந்து உத்தேசம் பிறந்துவிடுகிறது.

பெயரை மாற்றிவிட்டுப் பெருமூச்சு விடுவோரிடமும் நமக்கு உடன்பாடில்லை. 2016-ஆம் ஆண்டு ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில், ஸ்டேஷன்களில் மூட்டை தூக்குவோரை இனிக் 'கூலி' என்னாமல் 'சகாயக்' என்று அழைப்பதென்று மந்திரி அறிவித்தார். நல்லதுதான். தலையிலிருந்த பெட்டியின் பாரம் அதனால் ஒரு வீசைகூடக் குறையவில்லை. தொழிலாளி என்று மரியாதையாக அழைத்து, ஒழுகும் லயத்தில் குடிவைத்து, கூலியை இழுத்தடிப்பதைவிடப் பெரிய பாசாங்கு வேறில்லை. ஆனால், சோறு கொடுத்தபின் மரியாதை கொடுக்கலாமென்று ஒத்திப்போடுவதும் பாசாங்கே. 1891-இல் உதகையில் கூடியவர்கள் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கேட்டார்கள். இரண்டும் ஒரே கடனின் இரு தவணைகள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே, கூடலூர் அன்பருக்கு நமது விடை இது. அந்தத் தலைப்பு பிழை, அதற்காக வருந்துகிறோம். உத்தேசம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. இனி இப்பத்திரிகையில் கூலி என்பது பணத்துக்கே பெயராக வரும். மனிதருக்குப் பெயராக வராது. மலைத்தோட்டங்களில் வாழ்வோரைச் 'சிலோன்காரர்' என்றும் 'அகதி' என்றும் எழுதமாட்டோம். ஒரு சமூகத்தின் பெயரை ஒதுக்கப்பட்டோருக்கு உவமையாக வழங்கும் ஆங்கில வழக்கையும் மொழிபெயர்ப்பிலும் நுழையவிடமாட்டோம். தவறிப் புகுந்தால், நேயர்கள் இதேபோல் கடிதம் எழுதி நம்மைத் திருத்த வேண்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. டர்பனில் காந்தியடிகளைக் கூலி என்றழைத்ததை மேடையில் நின்று முழங்கும்போது, அம்மேடைக்குக் கீழே தேநீர் கொண்டு வருகிறவரை நாம் எப்படி அழைக்கிறோமென்று ஒரு கணம் செவி கொடுத்துக் கேட்போமாக. அன்னியன் நம்மை விட்டுப் போனது 1947-இல். அவன் நம் வாயில் விட்டுப் போன வார்த்தையை வெளியேற்றுவதற்கு ஒப்பந்தமும் வேண்டா, சட்டசபையும் வேண்டா. நமது நாக்கு நம் வசமிருந்தால் போதும்.